ஸ்பிரிங் ஏர்கன் ஏன் குறி தப்புகிறது? ட்யூனிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

குன்றக்குடி பங்குனி உத்திரமோ, காரைக்குடி கொப்புடையம்மன் திருவிழாவோ, கூட்டம் கூடுகிற இடத்தின் ஓரத்தில் ஒரு பலூன் சுடும் கடை இருக்கும். பலகையில் வரிசையாகப் பலூன்கள், முன்னால் மேசையில் இரண்டு மூன்று ஏர்கன்கள். காசு கொடுத்துச் சுட்டவர் நாலைந்து குண்டை வீணாக்கிவிட்டு, "குறிமுள்ளை வளைச்சு வச்சிருக்கான்யா" என்று கடைக்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவார். குறிமுள் வளைந்தும் இருக்கலாம். ஆனால் அதே துப்பாக்கியைக் கடைக்காரர் எடுத்தால் பலூன் உடைகிறதே, அது எப்படி? அந்தத் துப்பாக்கியின் குணம் அவருக்குத் தெரியும். எப்போதும் ஒரே மாதிரி பிடிப்பார், ஒரே மாதிரி விசையை இழுப்பார். துப்பாக்கி எந்தப் பக்கம் தள்ளினாலும் தினமும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. அதற்கேற்றபடி அவர் கொஞ்சம் விலக்கிக் குறி வைக்கிறார்.

ஏர்கன் ட்யூனிங்கின் சாரமே இதில் இருக்கிறது. ட்யூனிங் என்றதும் பலருக்கும் "இன்னும் வேகமாகச் சுடணும், இன்னும் பலமான ஸ்பிரிங் போடணும்" என்றுதான் நினைப்பு ஓடுகிறது. அது வேறு வேலை, பெரும்பாலும் வேண்டாத வேலை. ஒவ்வொரு முறை சுடும்போதும் உள்ளே நடப்பது அப்படியே ஒரே மாதிரி நடக்க வேண்டும். அதற்காகச் செய்வதுதான் ட்யூனிங்.

உள்ளே நடப்பது என்ன

ஸ்பிரிங் ஏர்கன்னில் காற்றைச் சேமித்து வைக்கும் டப்பா எதுவும் கிடையாது. பேரலை மடக்கும்போது (சில மாடல்களில் அடியிலோ பக்கத்திலோ இருக்கும் நெம்புகோலை இழுக்கும்போது) ஒரு கனமான ஸ்பிரிங் சுருங்குகிறது. அதன் முன்னால் ஒரு பிஸ்டன். பிஸ்டன் பின்னால் வந்ததும் ஒரு கொக்கி அதைப் பிடித்து நிறுத்துகிறது. விசையை இழுத்தால் கொக்கி விடுகிறது, ஸ்பிரிங் விரிகிறது, பிஸ்டன் முன்னால் பாய்கிறது. பிஸ்டன் ஓடும் குழாய்க்குச் சிலிண்டர் என்று பெயர். அதில் இருக்கும் காற்றுக்குப் போக ஒரே வழி, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்னத் துளை. அந்தத் துளைக்கு அடுத்து குண்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அமுக்கினால் பம்பு சூடாகும், கடைசியில் கைப்பிடி தானாகத் திரும்பி வரும். ஏர்கன்னுக்குள் நடப்பதும் அதேதான், பல மடங்கு வேகத்தில், பல மடங்கு அழுத்தத்தில். காற்று அமுங்கிக் கொதிக்கிறது, பிஸ்டன் சிலிண்டரின் முன்சுவரை அடையும் முன்பே அந்தக் காற்று மெத்தையில் மோதி லேசாகப் பின்னால் துள்ளுகிறது. குண்டு அழுத்தம் தாங்காமல் நகரத் தொடங்குவது ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். எல்லாம் சேர்ந்து நூறில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் தள்ளப்படுகிறது. பிஸ்டன் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் உதறுகிறது. இந்த இரண்டு உதறலும் தொடங்கும்போது குண்டு இன்னும் பேரலை விட்டு வெளியே போகவில்லை!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துப்பாக்கியின் மொத்த எடை 3 கிலோ, பிஸ்டனும் அதோடு ஓடும் ஸ்பிரிங்கின் பங்கும் சேர்த்து 300 கிராம், பிஸ்டன் ஓடும் தூரம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். யாரும் பிடிக்காமல் விட்டால் துப்பாக்கி 8 மில்லிமீட்டர் பின்னால் போகும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பயன்படும் இலக்குத் தாளில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். குண்டு பேரலுக்குள் இருக்கும்போதே இவ்வளவு நகரும் ஒரு பொருளை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியை நோக்கிச் சுடுகிறோம்.

சர்வதேசப் போட்டிகளில் இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் பயன்படுத்தும் ஏர் ரைஃபிளில் இந்தத் தொல்லை இல்லை. அது முன்கூட்டியே அடைத்து வைத்த அழுத்தக் காற்றில் இயங்குகிறது, உள்ளே கனமான பிஸ்டன் ஓடுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு நம் ஸ்பிரிங் துப்பாக்கியையும் அதே மாதிரி இறுக்கிப் பிடித்துச் சுடுவது சரிவராது.

வேகம் கூடினால் குறி கூடுமா?

கூடாது. இதற்கும் கணக்கு இருக்கிறது. அரை கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. குண்டு நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அதன் ஆற்றல் சுமார் 8 ஜூல். 10 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு அதை 15 மில்லிமீட்டர் கீழே இழுக்கிறது. ஒரு குண்டு 180-க்குப் பதில் 175-இல் போனால் எவ்வளவு கூடுதலாக இறங்கும்? சுமார் ஒரு மில்லிமீட்டர். வேகத்தில் வரும் சின்ன வித்தியாசம் 10 மீட்டரில் அவ்வளவுதான் செய்யும்.

இப்போது கோணத்தைப் பாருங்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அரை மீட்டர் இருக்கிறது. முன்முனை அரை மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு 10 மில்லிமீட்டர் தள்ளி விழும். வேகத்தால் ஒரு மில்லிமீட்டர், உதறலால் பத்து மில்லிமீட்டர். எதைச் சரி செய்யப் பணம் செலவழிக்க வேண்டும் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

பலமான ஸ்பிரிங் போட்டால் உதறல் கூடும், மடக்குவது கஷ்டமாகும், பிஸ்டன் முனையில் காற்று ஒழுகாமல் அடைக்கும் வாஷர் சீக்கிரம் தேயும். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டியிருந்தால் அதன் உள்ளே கண்ணாடி ஆட்டம் காணும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி பேரல் துளை 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டியதில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் அது உரிமம் வாங்க வேண்டிய ஆயுதம். ஜெர்மனியில் 7.5 ஜூல்தான் எல்லை, அங்கே அதை வைத்துக்கொண்டே அருமையாகச் சுடுகிறார்கள். தாளில் ஓட்டை போட 7 ஜூல் தாராளம்.

பறவையைச் சுட வேண்டும் என்ற எண்ணத்தில் யாராவது இதைப் படித்தால், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. நம் பக்கத்திலேயே வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக் கூட வெடி போடுவதில்லை. அந்த ஊர் இருக்கும் மாவட்டத்தில் ஏர்கன்னைத் தூக்கிக்கொண்டு கொக்குக்குக் குறி வைப்பது வெட்கக்கேடு.

முதலில் காசு செலவில்லாத வேலைகள்

எந்தத் திருப்புளியையும் எடுக்கும் முன் துப்பாக்கி இப்போது எப்படிச் சுடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 10 மீட்டரில் ஒரு தாளை ஒட்டி, உட்கார்ந்து, மெத்தென்ற ஒரு பையின் மேல் கையை வைத்து, பத்து குண்டு சுடுங்கள். குறி நடுவில் விழுகிறதா என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. பத்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் கேள்வி. அந்தத் தாளில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். "ஒண்ணு மட்டும் தப்பிப்போச்சு, அதை விட்டுடுவோம்" என்று கழிக்கக் கூடாது. அந்த ஒன்றைத் தேடித்தான் இந்த வேலையே.

இடத்துக்குச் செட்டிநாட்டில் பஞ்சமில்லை. முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும் வீடுகள் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நிறைய. 10 மீட்டர் என்ன, 25 மீட்டரே கிடைக்கும். ஆனால் அந்த நேர்கோட்டில் சுடாதீர்கள். வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் இருந்து எந்த நிமிடமும் ஆச்சியோ குழந்தையோ வெளியே வரலாம். கடைசிக் கட்டைத் தாண்டி, பின்பக்கம் மதில் இருக்கும் வெளியிடத்தில், நடுக்கதவைத் தாழ்போட்டுவிட்டு வைத்துக்கொள்வதே சரி. கருங்கல் தூணிலோ பழைய சுண்ணாம்புச் சுவரிலோ ஈயக்குண்டு பட்டால் திரும்பி வரும். தடித்த பலகைப் பெட்டியில் பழைய துணியை இறுக்கி அடைத்து, பின்னால் ஓர் இரும்புத் தகடு வைத்தால் குண்டு அதற்குள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடப் போங்கள்.

அடுத்தது பிடி. ஸ்பிரிங் துப்பாக்கியில் பாதி ட்யூனிங் இதிலேயே முடிந்துவிடும். நன்றாக இறுக்கிப் பிடித்தால் உதறாது என்று தோன்றும். உண்மையில் இறுக்கத்தை இரண்டு முறை ஒரே அளவில் தர எந்தக் கையாலும் முடியாது. இன்று கொஞ்சம் அதிகம், நாளை கொஞ்சம் குறைவு, துப்பாக்கி ஒவ்வொரு முறையும் வேறு திசையில் எகிறும். ஆகவே முன்னால் தாங்கும் கையை விரித்து, உள்ளங்கையில் துப்பாக்கியின் மரக்கட்டையை சும்மா வைத்துக்கொள்ளுங்கள், விரல்கள் சுற்ற வேண்டாம். தோளில் லேசாகத் தொட்டால் போதும். துப்பாக்கி அதன் இஷ்டத்துக்குப் பின்னால் போய் முன்னால் வரட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இஷ்டத்துக்கு. உள்ளங்கை கட்டையின் எந்த இடத்தில் படுகிறது என்பதும் முக்கியம். விசைக் காப்புக்கு (விசையைச் சுற்றி இருக்கும் வளையம்) முன்னால் ஓரிடம், நடுவில் ஓரிடம், முன்னால் ஓரிடம் என்று மூன்றிலும் சுட்டுப் பார்த்து, குண்டுகள் நெருங்கி விழும் இடத்தில் ஒரு சின்ன நாடா ஒட்டிவிடுங்கள். குண்டு போன பிறகும் ஒரு நொடி குறியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். மேசை விளிம்பிலோ திண்ணைக் கல்லிலோ துப்பாக்கியை நேரடியாகச் சாய்த்துச் சுடவே கூடாது, கடினமான பரப்பில் பட்டு எகிறிவிடும்.

மூன்றாவது, ஸ்குரூ. கட்டையையும் சிலிண்டரையும் பிணைக்கும் ஸ்குரூக்கள் முன்னால் இரண்டு, விசைக் காப்பில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி உதறும் இயந்திரத்தில் அவை தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "திடீர்னு குறி போயிடுச்சு" என்ற புகாரோடு வரும் துப்பாக்கிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சரியான அளவுத் திருப்புளியால் நன்றாகப் பிடிக்கும் வரை திருகுங்கள், மரம் நசுங்கும் வரை வேண்டாம். திரும்பத் திரும்பத் தளர்ந்தால், கழற்றக்கூடிய நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு வகையைப் போட்டால் பிறகு கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பேரல் மடங்கும் இடத்தில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் குறிமுள்ளைத் திருகுவதில் பயன் இல்லை.

ஸ்கோப் இருந்தால் அதன் பிடிப்பையும் பார்க்க வேண்டும். சாதாரண ஸ்கோப் பின்னுதறலைத் தாங்கும்படிச் செய்யப்பட்டது. ஸ்பிரிங் ஏர்கன்னின் முன்னுதறல் அதன் உள்ளே இருப்பதைக் கலைத்துவிடும். ஏர்கன்னுக்கென்றே செய்ததை, வழுக்காமல் தடுக்கும் முள் உள்ள பிடியில் மாட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு வெறுங்குறியில் சுட்டுப் பாருங்கள், யார் குற்றவாளி என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குண்டும் ட்யூனிங்கில் சேர்த்தி

இதைப் பலர் நம்புவதில்லை. குண்டு என்பது வெளியே போகிற சாமான் மட்டும் இல்லை. உள்ளே பாயும் பிஸ்டனுக்கு எதிரே காற்று மெத்தை எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. லேசான, தொளதொளவென்று நுழையும் குண்டு சீக்கிரமே நகர்ந்துவிடும், மெத்தை இளகி பிஸ்டன் சுவரில் டம்மென்று மோதும். அதிகக் கனமான, இறுக்கமான குண்டு தாமதிக்கும், பிஸ்டன் பெரிதாகத் துள்ளும். நடுவில் எங்கோ அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் குண்டு ஒன்று இருக்கிறது. அதை விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அரை கிராமுக்குச் சற்றுக் கீழும் மேலுமாக நாலைந்து வகையை வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து சுட்டுப் பார்ப்பதுதான் வழி. தட்டைத் தலைக் குண்டு தாளில் சுத்தமான வட்ட ஓட்டை போடும், 10 மீட்டருக்கு அதுவே வசதி. தூரம் கூடினால் உருண்டைத் தலை நல்லது. கூர்த்தலைக் குண்டு பார்க்க மிரட்டலாக இருக்கும். தாள் சுடுகிறவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

டப்பாவில் பாவாடை, அதாவது விரிந்த பின்விளிம்பு, நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கித் தள்ளுங்கள். குண்டை உள்ளே வைக்கும்போது பெருவிரலால் எப்போதும் ஒரே ஆழத்துக்கு அழுத்துங்கள்.

அப்புறம் பேரல். ஈயக்குண்டு பேரலை அவ்வளவாக அழுக்காக்காது. இரும்புப் பிரஷை உள்ளே விட்டுத் தேய்ப்பது கெடுதல். மெல்லிய துணியை நூலில் கட்டி, பின்பக்கம் இருந்து முன்பக்கம் இழுத்தால் போதும். பேரலின் முனை விளிம்பைப் பஞ்சுக் குச்சியால் சுற்றித் தடவுங்கள். பஞ்சு எங்கேயாவது சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது, ஒரு பக்கம் மட்டும் உரசினால் குண்டு அந்தப் பக்கம் சாயும்.

பேரல் மூடும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தையும் மறக்க வேண்டாம். அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் முகப்பவுடரைத் தூவிச் சுட்டால், கசிவு இருக்கும் இடத்தில் பவுடர் பறக்கும். வளையத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

எண்ணெய் ஆசை

நம் ஊரில் ஓர் இயந்திரம் கிறீச்சிட்டால் உடனே தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ கை தேடிப் போகும். ஏர்கன்னில் அந்த ஆசையை அடக்க வேண்டும். பிஸ்டன் அமுக்கும் காற்று பல நூறு டிகிரி சூடாகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சூட்டில் எண்ணெய் பட்டால் டீசல் எஞ்சினில் நடப்பதே நடக்கும்: பற்றிக்கொள்ளும். "படார்" என்ற சத்தம், புகை, கருகிய வாடை. சுடுகிறவருக்கு உற்சாகமாகத்தான் இருக்கும், ஆனால் வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும், ஒரு குண்டு போன வேகத்தில் அடுத்தது போகாது. புதுத் துப்பாக்கி முதல் சில முறை கொஞ்சம் புகைவது இயல்பு, தொழிற்சாலையில் தடவியது எரிகிறது. அதற்குப் பிறகும் புகைந்தால் உள்ளே எண்ணெய் அதிகம்.

பிளாஸ்டிக் வகை வாஷர் உள்ள இன்றைய துப்பாக்கிகளுக்குச் சிலிண்டருக்குள் எண்ணெய் ஏறக்குறைய தேவையே இல்லை. பழைய துப்பாக்கிகளின் கதை வேறு. பர்மா, மலேயா காலத்துப் பெட்டிகளோடு டயானா, பி.எஸ்.ஏ. கம்பெனிகளின் பழைய துப்பாக்கி ஏதாவது பரணில் கிடந்தால் அதன் பிஸ்டனில் பெரும்பாலும் தோல் வாஷர்தான் இருக்கும். பர்மிங்காமில் லிங்கன் ஜெஃப்ரிஸ் வடிவமைத்து 1905 வாக்கில் பி.எஸ்.ஏ. செய்யத் தொடங்கிய அந்த வகைத் துப்பாக்கிகளின் அடிப்படை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. தோல் காய்ந்தால் சுருங்கிக் காற்று ஒழுகும். துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து, காற்றுத் துளை வழியாக ஏர்கன் எண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு விட்டால் தோல் ஊறிப் பழைய நிலைக்கு வரும். முதல் சில குண்டுகள் புகையோடு போகும், போகட்டும்.

குண்டு போடாமல் சும்மா சுடுவதும் ஒரு கெட்ட பழக்கம். குண்டு இல்லாவிட்டால் காற்று தடையில்லாமல் ஓடிவிடும், பிஸ்டனுக்கு மெத்தை கிடையாது, நேராகச் சுவரில் மோதும். பிள்ளைகள் விளையாட்டாக டப் டப்பென்று இழுத்துக்கொண்டிருந்தால் வாங்கி உள்ளே வையுங்கள்.

திறப்பதற்கு முன்

இதுவரை சொன்னதைச் செய்தாலே பெரும்பாலான துப்பாக்கிகள் திருந்திவிடும். அதற்குப் பிறகும் சுடும்போது "ட்ரொய்ங்" என்று வீணைக் கம்பி மாதிரி அதிர்வு கன்னத்தில் வந்தால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆடுகிறது என்று பொருள். அந்த அதிர்வை நீக்குவதுதான் "ஸ்மூத்" ஆக்குவது என்று சொல்லப்படும் வேலை.

திறப்பது எல்லோருக்கும் உகந்ததல்ல. மடக்காத நிலையிலும் ஸ்பிரிங் ஓரளவு அமுங்கியே உட்கார்ந்திருக்கிறது. பின்மூடியைத் தாங்கிப் பிடிக்காமல் கழற்றினால் மூடியும் ஸ்பிரிங்கும் நெஞ்சை நோக்கிப் பாயும். அதற்கென்று செய்த ஸ்பிரிங் கம்ப்ரஸரோ, தச்சர் பயன்படுத்தும் நீளமான கிளாம்பை வைத்து உருவாக்கிய சட்டமோ இல்லாமல் தொடக்கூடாது. வெறுங்கையால் தரையில் ஊன்றி அழுத்திப் பிடித்துக் கழற்றுவது வீரம் இல்லை. எலும்பு போகும், ஆத்தங்குடிக் கல்லும் உடையும். பேரல் மடங்கிய நிலையில் விசை தப்பினால் பேரல் அறைந்து மூடும், விரல் நடுவில் இருந்தால் விரல் போகும். நெம்புகோல் வகையில் குண்டு போடும்போது ஒரு கை நெம்புகோலை விடவே கூடாது.

விசைக் கொக்கியை அரத்தால் தேய்த்து லேசாக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்க வேண்டாம். விசையைச் சரி செய்யத் தொழிற்சாலையே ஒரு ஸ்குரூ கொடுத்திருந்தால் அதை மட்டும் திருகலாம். கொக்கி பிடிக்கும் ஆழம் குறைந்தால் துப்பாக்கி தானாக வெடிக்கும்.

ஸ்பிரிங்கின் ஆட்டத்தை நிறுத்துவது

ஸ்பிரிங்குக்குள் ஒரு தண்டு இருக்கும், ஸ்பிரிங் வளையாமல் நேராக விரிய அது வழிகாட்டி. தொழிற்சாலையில் இருந்து வரும் பல துப்பாக்கிகளில் இந்தத் தண்டு ஸ்பிரிங்குக்குள் தொளதொளவென்று இருக்கும். விரியும்போது ஸ்பிரிங் அந்த இடைவெளியில் அலைந்து அதிர்கிறது. அதிர்வு கட்டைக்கு வருகிறது, கட்டையிலிருந்து குறிக்குப் போகிறது.

இதற்கு மருந்து, இறுக்கமான புதுத் தண்டு. நைலான் அல்லது டெல்ரின் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) ராடு வாங்கிக் கடைய வேண்டும். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் புஷ் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போவதை விட ஸ்பிரிங்கையே கையில் கொண்டு போங்கள். ஒரே ஸ்பிரிங்கின் உள்விட்டம் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் கொஞ்சம் மாறும். "அண்ணே, இதுக்குள்ள கையால அழுத்தினா போகணும், தலைகீழாப் பிடிச்சா விழக்கூடாது" என்று சொன்னால் அவர் புரிந்துகொள்வார். அமுங்கும்போது ஸ்பிரிங் ஒரு மயிரிழை அகலமாகும். அதனால் சும்மா இருக்கும்போது கொஞ்சம் பிடிப்பாக இருப்பதே சரி. கடைந்த தண்டின் தலைப்பக்கம் எஃகு வாஷர் ஒன்று தேவை, வெறும் நைலானில் ஸ்பிரிங் முனை பள்ளம் போட்டுவிடும்.

பிஸ்டனின் உள்பக்கமும் இதே போல ஒரு தொப்பி வடிவத் துண்டை வைத்தால் ஸ்பிரிங்கின் இரு முனையும் நடுவில் நிற்கும். ஸ்பிரிங் விரியும்போது சற்றுச் சுழலவும் செய்யும், அந்தச் சுழற்சி துப்பாக்கியை ஒரு பக்கம் முறுக்கும். பளபளவென்று தேய்த்த இரண்டு மெல்லிய எஃகு வாஷர்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் ஸ்பிரிங் அதன் மேல் வழுக்கித் திரும்பிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வாஷரும் ஸ்பிரிங்கை அவ்வளவு அமுக்கிப் பலத்தைக் கூட்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள். முனைகள் தட்டையாக உட்காராத ஸ்பிரிங்கை மாற்றிவிடுவதே மேல்.

சிலிண்டரின் பக்கத்தில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும், மடக்கும் கம்பி அதன் வழியாகத்தான் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த வெட்டின் விளிம்பு பல துப்பாக்கிகளில் பிளேடு மாதிரி இருக்கும். பிஸ்டனைத் திரும்பப் போடும்போது புது வாஷரை அது சீவிவிடும், பிறகு காற்று ஒழுகும். மெல்லிய உப்புத்தாளால் விளிம்பை மழுங்கச் செய்து, தூள் ஒன்று விடாமல் துடைத்த பிறகே பூட்டுங்கள். நம் செம்மண் தூசி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் அதுவே உப்புத்தாள் வேலை செய்யும், அதனால் இந்த வேலைக்குக் காற்றடிக்கும் திண்ணை வேண்டாம். சிலிண்டரின் முன்பகுதியைக் கண்ணாடி போலத் தேய்த்துவிட வேண்டும் என்று சொல்வார்கள். தேவையில்லை, சும்மா சுத்தமாக இருந்தால் போதும்.

கிரீஸ் விஷயத்தில் கை தாராளமாக இருக்கக் கூடாது. உலோகமும் உலோகமும் உரசும் இடங்களில், அதாவது பிஸ்டனின் பின்பகுதி வெளிச்சுற்றிலும் மடக்கும் கம்பி ஓடும் இடத்திலும், கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் மெல்லிய பூச்சாக. ஸ்பிரிங்கின் மேல் தார் போல ஒட்டும் கெட்டியான கிரீஸ், அதுவும் கம்பியின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மட்டும். வாஷருக்கு முன்னால் ஒன்றும் வேண்டாம். லாரி வீலுக்குப் போடும் கிரீஸ் மலிவு என்று அதை அப்பினால், சித்திரை வெயிலில் இளகி வாஷரைத் தாண்டி முன்னால் ஊறும், மறுபடி புகையும் படாரும்தான். தார் கிரீஸை அதிகம் பூசினாலும் அதிர்வு அடங்கும், ஆனால் வேகம் குறையும், மார்கழிக் காலையில் ஒரு வேகம், மத்தியானம் ஒரு வேகம் என்று ஆகும். இறுக்கமான தண்டு முதலில், கிரீஸ் அதற்குத் துணை.

தண்டு, வாஷர், கிரீஸ், குண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று கடைசி வரை தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், பத்து சுடுங்கள், பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். முதல் தாளில் ஐந்து ரூபாய் நாணயத்தால் மறைக்க முடியாத ஓட்டைகள், தண்டு மாற்றிய பின் அந்த நாணயத்துக்குள் அடங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பூட்டி முடித்த துப்பாக்கி முதல் நாற்பது ஐம்பது குண்டுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கிரீஸ் பரவி, வாஷர் சிலிண்டருக்குப் பழகும் வரை குண்டு விழும் இடம் மேலும் கீழும் நகரும். அதுவரை குறிமுள்ளையும் ஸ்கோப் திருகையும் தொட வேண்டாம். குண்டுகள் ஒரே இடத்தில் கூடத் தொடங்கிய பிறகு கட்டை ஸ்குரூக்களை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, அதற்குப் பின் அந்தக் கூட்டத்தை நடுப்புள்ளிக்கு நகர்த்துங்கள்.